பே ஸ்லிப்பில் போகும் அந்த 214 பவுண்ட்

"அக்கா, பென்ஷன் பிடிக்கிறத நிறுத்த ஒரு ஃபாரம் இருக்காமே, அது எங்க கிடைக்கும்?"

நைட் ஷிஃப்ட் முடிந்து ஸ்டாஃப் ரூமில் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் வார்டுக்குப் புதிதாக வந்திருந்த நாகர்கோவில் பெண் கேட்டாள். இங்கிலாந்துக்கு வந்து ஐந்து மாதம். கையில் போன், போனில் பே ஸ்லிப், பென்ஷன் என்று போட்டிருந்த வரியின் மேல் கட்டைவிரல். 214 பவுண்ட் 76 பென்ஸ். அப்பாவின் மருந்துச் செலவும் தம்பியின் ஹாஸ்டல் பீஸும் அதற்குள் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டு வைத்துக்கொண்டுதான் என்னிடம் வந்திருந்தாள்.

இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். வேலைக்கு வந்த நம்மவர்களில் இதைக் கேட்காதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நானே கேட்டிருக்கிறேன், கேட்டதோடு நிற்காமல் ஃபாரத்தையும் நிரப்பிக் கொடுத்தேன். 2021 ஏப்ரலில் சேர்ந்தேன், 2022 மே மாதம் பென்ஷனிலிருந்து வெளியேறினேன், கட்டிய காசு வரி போகத் திரும்பி வந்தது, 1,500 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். ஊரில் வீட்டுக் கடனுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுபடி சேர்ந்தது 2023 செப்டம்பரில். நடுவில் என்ன போனது என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது, அதைக் கீழே சொல்கிறேன். அன்று காலை அவளிடம் கால்மணி நேரத்தில் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இது நம் ஊர் பி.எஃப். மாதிரி கிடையாது. பி.எஃப். என்றால் உங்கள் பெயரில் ஒரு கணக்கு, அதில் உங்கள் பங்கு, கம்பெனி பங்கு, வட்டி, கடைசியில் மொத்தமாகக் கைக்கு வரும். என்.எச்.எஸ். பென்ஷனில் உங்கள் பெயரில் உண்டியல் எதுவும் இல்லை. நீங்கள் ஒரு வருஷம் வேலை பார்த்தால் அந்த வருஷச் சம்பளத்தில் 54இல் ஒரு பங்கு, வயதான பிறகு வருஷா வருஷம் உயிரோடிருக்கும் வரை தருகிறேன் என்பது அரசின் வாக்கு. அடுத்த வருஷம் இன்னொரு 54இல் ஒரு பங்கு அதன்மேல் ஏறும். நீங்கள் வேலையில் இருக்கும் வரை, ஏற்கெனவே சேர்ந்ததெல்லாம் ஒவ்வொரு ஏப்ரலிலும் விலைவாசி உயர்வு சதவீதத்தோடு இன்னொரு ஒன்றரை சதவீதமும் சேர்த்து வளரும். பங்குச் சந்தை விழுந்தாலும் எழுந்தாலும் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சரி, அந்தப் பெண்ணின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2025-26இல் இங்கிலாந்தில் பேண்ட் 5, அதாவது புதிதாகச் சேரும் நர்ஸின் நிலை, அதன் தொடக்கச் சம்பளம் வருஷத்துக்கு 31,049 பவுண்ட். அந்தச் சம்பளத்துக்குப் பென்ஷன் பிடித்தம் 8.3 சதவீதம். (சம்பளத்தைப் பொறுத்து இது 5.2இல் தொடங்கி 12.5 வரை போகும்.) வருஷத்துக்கு 2,577 பவுண்ட், மாதத்துக்கு ஸ்லிப்பில் தெரிகிற அந்த 214.76. ஆனால் இந்தப் பிடித்தம் வருமான வரி போடுவதற்கு முன்பே எடுக்கப்படுகிறது. பென்ஷனை நிறுத்தினால் அந்த 214க்கும் 20 சதவீதம் வரி விழும். ஆக, கைக்குக் கூடுதலாக வருவது 172 பவுண்ட் மட்டும்தான், ஸ்லிப்பைப் பார்க்கிற யாரும் இந்த 43 பவுண்ட் வித்தியாசத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

இப்போது அந்த 172க்கு என்ன கிடைக்கிறது? 31,049ஐ 54ஆல் வகுத்தால் 575. அதாவது ஒரு வருஷம் கையிலிருந்து உண்மையில் போவது சுமார் 2,060 பவுண்ட். அதற்கு ஈடாக, பென்ஷன் வயது வந்ததிலிருந்து சாகும்வரை வருஷத்துக்கு 575 பவுண்ட், அதுவும் விலைவாசியோடு ஏறிக்கொண்டே. நாலு வருஷம் பென்ஷன் வாங்கினால் போட்டது திரும்பிவிட்டது. வேலையில் தொடர்ந்து இருந்தால் அந்த ஒன்றரை சதவீதம் வேறு சும்மா இருக்காது. 35 வருஷத்தில் அந்த 575, இன்றைய விலைவாசியிலேயே, 968 பவுண்டாகி நிற்கும். இது ஒரே ஒரு வருஷ உழைப்புக்கு.

இவ்வளவு எப்படிக் கொடுக்க முடிகிறது என்றால், நீங்கள் கட்டுவது அதன் விலையில் ஒரு பகுதிதான். என்.எச்.எஸ். தன் பங்காக உங்கள் சம்பளத்தின் 23.7 சதவீதத்தைக் கட்டுகிறது. அந்தப் பெண்ணுக்கு அது வருஷத்துக்கு 7,350 பவுண்டுக்கு மேல். ஸ்லிப்பில் அது கண்ணில் படுகிற மாதிரி இருக்காது, சில இடங்களில் இருக்கவே இருக்காது. தனியார் கம்பெனிகளில் சட்டப்படி முதலாளி கட்ட வேண்டிய குறைந்தபட்சம் 3 சதவீதம்தான் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் வெளியேறினால் அந்த 23.7 சதவீதம் உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து வராது. அது உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான். சம்பளத்தில் ஒரு பகுதியை வாங்க மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. நம் ஊரில் 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது என்று ஆன நாளிலிருந்து, அதைத் திரும்பக் கொடு என்று ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவில் எத்தனை வாத்தியார்களும் நர்ஸ்களும் சம்பளப் பிடித்தத்தையும் சஸ்பென்ஷனையும் பொருட்படுத்தாமல் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இங்கே வந்து ஒரு ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு அதே மாதிரி ஒன்றை விட்டுவிடுகிறோம். எனக்கு இது மனதை அறுக்கிற விஷயம்.

இப்போது என் கணக்கு. 2021-22இல் என் சம்பளம் 25,655 பவுண்ட். 54ஆல் வகுத்தால் 475. நான் வெளியேறி ரீஃபண்ட் வாங்காமல் இருந்திருந்தால் அந்த 475க்கு என்ன ஆகியிருக்கும்? 2022 ஏப்ரலில் 4.6 சதவீதம் ஏறியிருக்கும். பிறகு வந்தது அந்த விலைவாசி வருஷம், கரண்ட் பில்லும் கேஸ் பில்லும் பார்த்து எல்லோரும் ஹீட்டரை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் உட்கார்ந்திருந்த குளிர்காலம். 2022 செப்டம்பரில் விலைவாசி உயர்வு 10.1 சதவீதம் என்று வந்தது, அதோடு ஒன்றரை சேர்த்து 2023 ஏப்ரலில் எல்லோருடைய சேர்ந்த பென்ஷனும் 11.6 சதவீதம் ஏறியது. அதற்கடுத்த வருஷம் 8.2. அதற்கடுத்து 3.2. என் 475 2025 ஏப்ரலிலேயே 619 ஆகியிருக்கும். என்னோடு ஒரே நாளில் சேர்ந்த கேரளாக்காரத் தோழியின் வருடாந்திரப் பென்ஷன் ஸ்டேட்மெண்டில் அந்த வரியைப் பார்த்தேன், 2021-22 என்று போட்டு அவளுக்கு இருக்கிறது. எனக்கு அந்த வரியே இல்லை. விட்ட வருஷத்தை அதே விலையில் திரும்ப வாங்க வழியும் கிடையாது.

"நாங்க இங்கேயே இருக்கப் போறதில்லையே அக்கா, அஞ்சு வருஷத்துல ஊருக்குப் போயிடுவோம்" என்பார்கள். நியாயமான பேச்சு. விசா விதிகள் மாறுகின்றன, நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு ஐந்து வருஷம் என்பதைப் பத்து வருஷமாக்கும் யோசனையை 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அரசே வைத்தது, யார் எத்தனை நாள் இங்கே இருப்போம் என்பது நம் கையில் மட்டும் இல்லை. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

சேர்ந்து இரண்டு வருஷத்துக்குள் வேலையை விட்டாலோ பென்ஷனை விட்டாலோ, நீங்கள் கட்டியதை ரீஃபண்டாகக் கேட்கலாம். 20,000 பவுண்ட் வரை 20 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு தருவார்கள். கட்டும்போது மிச்சமான வரியும் அதே 20 சதவீதம்தான் என்பதால், பெரும்பாலானவர்களுக்கு உண்மையில் கையை விட்டுப் போனது அப்படியே திரும்பி வருகிறது, வட்டி இல்லை என்பது மட்டும்தான் குறை. அப்படியென்றால், இரண்டு வருஷம்கூடத் தாங்குவோமா என்று சந்தேகத்தில் இருப்பவருக்கு வெளியேற என்ன அவசரம்? உள்ளேயே இருந்தால் அது ஒரு கட்டாயச் சீட்டு மாதிரி சேர்ந்துகொண்டிருக்கும், நடுவில் இன்ஷூரன்ஸும் ஓடும். முடிவெடுக்க வேண்டிய நேரம் முதல் மாதம் இல்லை, இருபத்திரண்டாவது, இருபத்துமூன்றாவது மாதம். அப்போது தெரிந்துவிடும், இருக்கப் போகிறோமா போகப் போகிறோமா என்று.

இரண்டு வருஷத்தைத் தாண்டிவிட்டால் ரீஃபண்ட் கிடையாது. ஊருக்குப் போனாலும் சேர்ந்த பென்ஷன் இங்கே உங்கள் பெயரில் நிற்கும், விலைவாசிக்கு ஏற்ப வருஷா வருஷம் ஏறும், அந்தக் கூடுதல் ஒன்றரை சதவீதம் மட்டும் நின்றுவிடும். இதைத்தான் பலர் "பணம் மாட்டிக்கிச்சு" என்கிறார்கள். மாட்டிக்கொண்டது என்ன என்று பார்ப்போமா? அதே சம்பளத்தில் ஐந்து வருஷம் இருந்து போனால், இன்றைய மதிப்பில் வருஷத்துக்கு ஏறக்குறைய 2,960 பவுண்ட் பென்ஷன். இன்றைய ரேட்டில் வருஷத்துக்கு மூன்று லட்ச ரூபாய்க்கு மேல். அதற்காக ஐந்து வருஷத்தில் கையிலிருந்து போனது பத்தாயிரம் பவுண்டுக்குச் சற்று மேல். வயதான காலத்தில் நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு மாதம் இருபத்தையாயிரம் ரூபாய்க்கு மேல், யாரிடமும் கை நீட்டாமல், சாகும்வரை. சம்பளம் ஏறினால் இதுவும் ஏறும்.

இதில் நம்மவர்கள் பலர் குழப்பிக்கொள்கிற இன்னொரு விஷயம் இருக்கிறது. பிரிட்டனின் அரசு ஓய்வூதியம், அதாவது நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டுவதால் வருவது, தனி. அதற்குக் குறைந்தது பத்து வருஷம் கட்டியிருக்க வேண்டும். அப்படியே வந்தாலும், இந்தியாவிலோ இலங்கையிலோ போய்க் குடியிருந்தால் முதல் நாள் கிடைத்த தொகை அப்படியே உறைந்துவிடும், வருஷா வருஷம் ஏறாது. இதைக் கேள்விப்பட்டுவிட்டு என்.எச்.எஸ். பென்ஷனும் அப்படித்தான் என்று நினைத்து வெளியேறியவர்களை எனக்குத் தெரியும். அப்படி இல்லை. என்.எச்.எஸ். பென்ஷன் நீங்கள் மதுரையில் இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் மான்செஸ்டரில் இருந்தாலும் ஒரே மாதிரி விலைவாசியோடு ஏறும். 2025 ஜூலையில் கையெழுத்தான இந்தியா-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தத்தில் இரட்டைப் பங்களிப்பு விலக்கு என்று ஒன்று பேசப்பட்டதே, அது இந்தியக் கம்பெனியே தற்காலிகமாக இங்கே அனுப்புகிற ஆட்களின் நேஷனல் இன்ஷூரன்ஸ் பற்றியது. நம் பென்ஷனுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எப்போது கிடைக்கும் என்பதுதான் கசப்பான பகுதி. நாம் இருக்கிற 2015 திட்டத்தில் பென்ஷன் வயது என்பது அரசு ஓய்வூதிய வயதுதான். இப்போதைய சட்டப்படி 1978 ஏப்ரலுக்குப் பின் பிறந்தவர்களுக்கு அது 68. அதற்கு முன்பும் எடுக்கலாம், 2028 ஏப்ரல் 6 முதல் 57 வயதிலிருந்து, அதுவரை 55. ஆனால் எத்தனை வருஷம் முன்னால் எடுக்கிறீர்களோ அதற்கேற்பக் குறைத்துத்தான் தருவார்கள். அதற்கு முன்னால் "உங்க பென்ஷனை உடனே காசாக்கித் தர்றேன்" என்று வாட்ஸ்அப்பில் யாராவது வந்தால் போனை வைத்துவிடுங்கள். அப்படி எடுத்தால் அபராத வரியே 55 சதவீதம் வரை போகும், மிச்சத்தில் அந்த ஆளுக்குக் கமிஷன் வேறு. என்.எச்.எஸ். மாதிரி நிதி சேர்க்காத அரசுத் திட்டங்களிலிருந்து, இஷ்டம்போல எடுக்கிற தனியார் பென்ஷனுக்கு மாற்றுவதையே 2015 ஏப்ரலில் தடுத்துவிட்டார்கள்.

அடுத்து, ஸ்டாஃப் ரூமில் ஆண்கள் உட்கார்ந்தால் வருகிற வாதம்: "அந்தக் காசை நான் மியூச்சுவல் ஃபண்டுல போட்டா இதைவிட நல்லா வரும்." இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு வருஷம் மிச்சமாகிற 2,060 பவுண்டை ஊரில் எஃப்.டி.யில் போட்டு, விலைவாசி போக வருஷத்துக்கு 2 சதவீதம் நிற்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 35 வருஷத்தில் அது சுமார் 4,100 ஆகும். தொடர்ந்து வேலையில் இருப்பவருக்குக் கிடைக்கிற 968ஐ அதிலிருந்து எடுத்தால் நாலு வருஷம் சில மாதத்தில் தீர்ந்துவிடும். பங்குச் சந்தையில் போட்டு விலைவாசி போக 6 சதவீதம், 35 வருஷம் விடாமல் கிடைத்தால், சுமார் 15,800. அதற்கு மேல் அது வளரவில்லை என்று வைத்து, வருஷத்துக்கு 968 எடுத்தால் பதினாறு வருஷம் வரும், 84 வயது வரை. ஏறக்குறைய சமம். ஆனால் ஐந்து வருஷத்தில் கிளம்பிவிடுகிறவருக்கு அந்த 575 அவ்வளவாக வளராது, அப்போது பங்குச் சந்தைக் கணக்கு ஜெயித்துவிடும், இதை நான் மறைக்கப் போவதில்லை. ஒழுக்கமாக முதலீடு செய்து, 35 வருஷம் தொடாமல் வைத்திருக்கிற ஆளாக இருந்தால், ஊருக்குத் திரும்புவது உறுதி என்றால், அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது.

தொடாமல் வைத்திருப்பது என்பதுதான் இங்கே பெரிய வார்த்தை. தங்கச்சி கல்யாணம், வீட்டு மராமத்து, பிள்ளைக்குக் காலேஜ் சீட்டு, அம்மாவுக்கு ஆபரேஷன் என்று வரிசையாக வரும்போது கையில் இருக்கிற பணத்தை யார் தொடாமல் இருந்தார்கள்? எடுக்க முடியாது என்பதைக் குறையாகச் சொல்கிறோம். எனக்கு வயது ஏற ஏற அதுதான் இதன் பெரிய பலமாகத் தெரிகிறது, ஏனென்றால் யாரும் வந்து கேட்க முடியாத பணம் நம்மிடம் வேறு எதுவும் இல்லை.

இன்ஷூரன்ஸ் என்று சொன்னேன், அதைப் பற்றிப் பேசும்போது நாம் 'டச் வுட்' என்று தொட்டுக்கொள்ள மரப்பலகையைத் தேடுவோம், ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும். பென்ஷனில் இருக்கும்போது ஒருவர் இறந்துபோனால் வருஷச் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு குடும்பத்துக்கு ஒரே தொகையாகப் போகும். சேர்ந்த முதல் நாளிலிருந்தே. அந்தப் பெண்ணுக்கு அது 62,098 பவுண்ட். சில வருஷம் இருந்தவர் என்றால் கணவனுக்கோ மனைவிக்கோ வாழ்நாள் பென்ஷனும் உண்டு, பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு. வெளியேறிவிட்டால் அந்த இரண்டு மடங்கு போய்விடும். கொரோனா நேரத்தில் இந்த ஊர் வார்டுகளில் செத்துப்போன நம் நாட்டு நர்ஸ்களையும் டாக்டர்களையும் பார்த்தவர்கள் யாரும் இதை ஒரு ஓரமாகத் தள்ள மாட்டார்கள்.

உடம்பு முடியாமல் போனால்? இரண்டு வருஷம் முடித்தவர்களுக்கு அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. இந்த வேலையைச் செய்ய முடியாது என்றால் அதுவரை சேர்ந்ததை வயதைக் காரணம் காட்டிக் குறைக்காமல் உடனே தருவார்கள். எந்த வேலையுமே நிரந்தரமாகச் செய்ய முடியாத நிலை என்று மருத்துவர்கள் சொன்னால், பென்ஷன் வயது வரை மிச்சமிருக்கிற காலத்தில் பாதியை வேலை பார்த்ததாகவே கணக்கில் சேர்ப்பார்கள். 35 வயதில் ஐந்து வருஷம் முடித்தவர் என்று வையுங்கள். 68க்கு இன்னும் 33 வருஷம், அதில் பாதி பதினாறரை, ஆக இருபத்தொன்றரை வருஷத்துக்கான பென்ஷன். 575 வீதம் வருஷத்துக்கு 12,000 பவுண்டுக்கு மேல், முப்பத்தைந்து வயதிலிருந்தே. இந்தப் பாதுகாப்பைத் தனியாரிடம் வாங்கப் போனால் எவ்வளவு பிரீமியம் கேட்பார்கள் என்று ஒரு தரம் விசாரித்துப் பாருங்கள். நாள் முழுக்க நோயாளிகளைத் தூக்கி இறக்கி முதுகு போகிற வேலை நம்முடையது.

அப்போ யாருமே வெளியேறக் கூடாதா என்றால், அப்படியும் நான் சொல்லவில்லை. ஏஜெண்டுக்குக் கொடுக்க ஊரில் மூணு வட்டிக்குக் கடன் வாங்கி வந்தவர் இருக்கிறார். மாதம் நூற்றுக்கு மூன்று என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம். எந்தப் பென்ஷனும் அந்த வட்டியோடு ஓடி ஜெயிக்காது. அவர் ஒரு வருஷம் வெளியே நின்று, மாதம் 172ஐ அந்தக் கடன் மேலேயே போட்டு அடைத்துவிட்டு, அடைந்த மாதமே திரும்பச் சேர்ந்தால் அது சரியான முடிவுதான். வாடகை கொடுக்க முடியாமல், பிள்ளைக்குச் சாப்பாட்டுக்கே இழுபறி என்றாலும் அப்படித்தான். அந்தக் காரணம் முடிந்த பிறகும் ஏன் வெளியே இருக்கிறோம் என்று யோசிக்காமல் விட்டுவிடுவதுதான் தப்பு. நான் விட்டது அதைத்தான், வீட்டுக் கடன் தவணை ஒழுங்காகப் போக ஆரம்பித்த பிறகும் பதினோரு மாதம் சும்மா இருந்தேன். திரும்பச் சேர பேரோலுக்கு ஒரு மெயில் போதும், எப்போது வேண்டுமானாலும் சேரலாம். மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் அவர்களே தானாகத் திரும்பச் சேர்ப்பார்கள், அப்போது மறுபடி வெளியேறாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொரு பக்கம், நிறைய சம்பாதிக்கிற டாக்டர்கள். இவர்கள் கதை வேறு. ஒரு வருஷத்தில் பென்ஷன் எவ்வளவு வளர்ந்தது என்பதை 16ஆல் பெருக்கி, அது 60,000 பவுண்டைத் தாண்டினால் மேலே உள்ளதற்கு வரி. 2023 ஏப்ரலுக்கு முன் அந்த எல்லை 40,000தான், அதனால் பல கன்சல்டன்ட் டாக்டர்கள் கூடுதல் வேலையை விட்டார்கள், சிலர் பென்ஷனையே விட்டார்கள். இப்போது எல்லை உயர்ந்திருக்கிறது, பென்ஷன் சேர்ப்பதற்கு இருந்த வாழ்நாள் உச்சவரம்பையும் 2024 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். முந்தைய மூன்று வருஷங்களில் அந்த எல்லைக்குள் பயன்படுத்தாமல் விட்டதையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்த நிலையில் இருப்பவர்கள் நல்ல கணக்காளரிடம் போவதுதான் சரி, பழைய பயத்தில் ஃபாரம் போடுவது சரியில்லை.

லண்டனில் பள்ளிக்கூடங்களில் உதவி ஆசிரியராகவும் சாப்பாட்டுக் கூடத்திலும் கவுன்சில் அலுவலகத்திலும் நம் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் பலர் இருப்பது உள்ளாட்சிப் பென்ஷன் திட்டம். அதில் என்.எச்.எஸ்.இல் இல்லாத ஒரு நல்ல வழி இருக்கிறது, பாதிக்குப் பாதி என்பார்கள். பிடித்தத்தைப் பாதியாக்கிக்கொள்ளலாம், சேர்கிற பென்ஷனும் பாதியாகும், ஆனால் இறந்தால் குடும்பத்துக்குப் போகும் மூன்று மடங்கு சம்பளமும், உடம்பு முடியாமல் போனால் கிடைக்கும் பாதுகாப்பும் முழுசாக அப்படியே இருக்கும். கஷ்ட காலத்தில் முழுதாக வெளியேற நினைக்கிற கவுன்சில்காரர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் முதலில் இதைச் சொல்லுங்கள். என்.எச்.எஸ்.இல் இப்படி ஒன்று இருந்திருந்தால் 2022இல் நான் அதைத்தான் எடுத்திருப்பேன்.

அரசாங்கம் நாளைக்கு மாற்றிவிட்டால்? மாற்றும், மாற்றியும் இருக்கிறது. பழைய திட்டம் கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் பார்த்தது, 2011இல் அரசு ஊழியர் பென்ஷனை மாற்றச் சொன்ன ஹட்டன் அறிக்கை வந்தது, 2015இல் வருஷாவருஷச் சம்பளத்தை வைத்துப் பார்க்கிற இன்றைய திட்டம் வந்தது. வயதும் உயர்ந்தது. ஆனால் அந்த மாற்றம் இனிமேல் சேர்கிறதுக்குத்தான், சேர்ந்துவிட்டதைப் பிடுங்கவில்லை. மாற்றும்போது வயதானவர்களுக்கு மட்டும் சலுகை காட்டியது பாரபட்சம் என்று நீதிபதிகளும் தீயணைப்பு வீரர்களும் வழக்குப் போட்டு 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், மக்ளவுட் வழக்கு என்பார்கள். அரசு 2015 முதல் 2022 வரைக்குமான கணக்கைத் திரும்பப் பிரித்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. பிற்பாடு விதி மாறும் என்ற பயத்தில் இன்று சேர்வதை விடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். தனியார் முதியோர் இல்லங்களிலும் வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சிகளிலும் வேலை பார்க்கிற நம் பிள்ளைகளுக்கு இது எதுவும் பொருந்தாது, விசாவின் பெயர் ஒன்றாக இருந்தாலும் பென்ஷன் வேறு. அங்கே முதலாளி கட்டுவது அந்தக் குறைந்தபட்சம் 3 சதவீதமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். வெளியேறச் சொல்லி யாராவது மேனேஜர் வற்புறுத்தினால், தனியாரோ அரசோ, அது சட்டத்துக்கு விரோதம்.

அன்றைக்குக் காலையில் இவ்வளவும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அந்த 172ஐயும் 575ஐயும் மட்டும் பேப்பர் டவலில் எழுதிக் காட்டினேன், அப்புறம் இருபத்திரண்டாவது மாதம் வரைக்கும் பொறு, அதுவரைக்கும் காசு எங்கேயும் போகாது என்றேன். அவள் அந்தப் பேப்பரை மடித்துப் போன் கவருக்குள் வைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்துத் திரும்ப வந்தாள், இந்த முறை வேறு ஃபாரம் கேட்டு. கல்யாணம் ஆகாதவர்கள் யாருக்கு அந்த இரண்டு மடங்கு போக வேண்டும் என்று எழுதிக் கொடுக்காவிட்டால், பணம் சொத்துக் கணக்கில் போய், ஊரில் இருக்கும் பெற்றோர் இங்கிலாந்துக் கோர்ட் பேப்பர்களோடு மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், உண்மைதான். ப்ரேக் நேரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பினாள். பெயர் எழுதும் இடத்தில் அம்மாவின் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத வேண்டுமா, ஆதாரில் உள்ளபடி எழுத வேண்டுமா என்று கேட்டாள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி என்று சொன்னேன்.